நிலம் ஏராளம், ஆள் இல்லை: ஜேம்ஸ்டவுனிலிருந்து ஃபோர்டு ஆலை வரை அமெரிக்கா

கேள்வி இது: "1607-ல் நூறு பேர் வந்து இறங்கிய ஒரு சதுப்புக் கரை, முந்நூறு வருஷத்துக்குள் பிரிட்டனையே தொழிலில் முந்திய நாடானது எப்படி? நிலக்கரி, இரும்பு, எண்ணெய் எல்லாம் கிடைத்த அதிர்ஷ்டம் மட்டும்தானா?"

அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிலக்கரியும் இரும்பும் ரஷ்யாவிலும் சீனாவிலும்கூடப் பூமிக்கடியில் கிடந்தன. என்னைக் கேட்டால், அமெரிக்காவின் அந்த முந்நூறு வருஷத்தையும் ஒரே ஒரு நெருக்கடியைப் பிடித்துக்கொண்டு படித்துவிடலாம். கண்ணுக்கெட்டிய தூரம் நிலம். அதில் பாடுபட ஆள் இல்லை. இங்கிலாந்தில் நிலைமை நேர் எதிர். அங்கே நிலம் சிலர் கையில், கூலிக்கு நிற்பவர்கள் ஏராளம். ஆள் பற்றாக்குறையை ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்தது. ஒப்பந்தக் கூலி, அடிமை, கப்பலில் வந்த ஏழை, கடைசியில் இயந்திரம். ஒன்று வந்ததும் முந்தையது ஒழிந்துவிடவில்லை, எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன.

நிலம் "சும்மா கிடந்தது" என்பது மட்டும் பொய். கேள்வியில் வரும் சதுப்புக் கரைதான் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன். அதைச் சுற்றிப் பவ்ஹாட்டன் என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பின் மக்கள் சோளம் பயிரிட்டு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வடக்கே நியூ இங்கிலாந்துக் கரையில் 1616 முதல் 1619 வரை ஐரோப்பியர் கொண்டுவந்த ஒரு கொள்ளைநோய் ஊர் ஊராகத் துடைத்துப் போட்டது. 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பேர் பிளிமத்தில் குடியேறிய இடம் அப்படிக் காலியான ஒரு பூர்வகுடி ஊர். திருத்திய வயல்கள் ஏற்கெனவே இருந்தன, உழுதவர்கள்தான் இல்லை.

ஜேம்ஸ்டவுனை உண்டாக்கியது அரசு அல்ல, ஒரு கம்பெனி. லண்டன் வணிகர்கள் பங்குப் பணம் போட்டு, 1606-ல் முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் சாசனம் வாங்கித் தொடங்கிய வர்ஜீனியா கம்பெனி. 1607 மே மாதம் 104 ஆண்களும் சிறுவர்களும் இறங்கினார்கள். தங்கம் கிடைக்கும், ஆசியாவுக்கு வழி கிடைக்கும் என்பது கணக்கு. கிடைத்தது உவர்நீரும் காய்ச்சலும். 1609-10 குளிர்காலத்தில் கோட்டைக்குள் அடைபட்டவர்களில் சுமார் 60 பேர்தான் பிழைத்தார்கள். அங்கே தோண்டியெடுத்த ஒரு 14 வயதுப் பெண்ணின் மண்டையோட்டில் வெட்டுக்காயத் தடங்கள் இருந்ததை 2013-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பசியில் மனிதர்கள் பிணத்தைத் தின்றார்கள் என்று பழைய கடிதங்கள் சொன்னதை அதுவரை பலர் மிகை என்றே நினைத்திருந்தார்கள்.

கம்பெனியைக் காப்பாற்றியது புகையிலை. ஜான் ரால்ஃப் என்பவர் கரீபியன் பக்கத்து விதையை வளர்த்துப் பார்த்து, 1614-ல் இங்கிலாந்துக்கு ஏற்றினார். விலை நன்றாகப் போயிற்று. ஆனால் புகையிலை மண்ணின் சாரத்தைச் சில வருஷத்தில் உறிஞ்சிவிடும், அப்புறம் புது நிலம் வேண்டும். நாற்று, களை, கொழுந்து கிள்ளல், உலர்த்தல் என்று வருஷம் முழுக்கக் கையும் வேண்டும். 1618-ல் கம்பெனி ஒரு வழி கண்டது. ஓர் ஆளைக் கப்பல் கூலி கொடுத்துக் கொண்டுவந்தால், கொண்டுவந்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். வந்தவர் நாலு முதல் ஏழு வருஷம் கூலியில்லாமல் உழைத்துக் கடனைத் தீர்க்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு கப்பலேறிய நம்மவர்களின் கதையை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. வந்தவர்களில் பலர் ஒப்பந்தம் முடியும் முன்பே செத்தார்கள். ஆளைக் கொண்டுவந்தவனுக்கோ நிலம் மிச்சம்.

1619 கோடையில் சில வாரங்கள் இடைவெளியில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூலை மாதம் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் குடியேறிகளின் பிரதிநிதிகள் சபை கூடியது. ஆங்கில அமெரிக்காவில் அதுதான் முதல். ஆகஸ்டில், போர்த்துகீசியக் கப்பலிலிருந்து பறித்த இருபது சொச்சம் அங்கோலா நாட்டு ஆப்பிரிக்கர்கள் பாயின்ட் கம்ஃபர்ட் துறையில் உணவுப் பொருளுக்குப் பண்டமாற்றாக விற்கப்பட்டார்கள். ஆனாலும் உடனே அடிமைச் சமூகம் உருவாகிவிடவில்லை. அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது, சட்டம் சட்டமாகக் கட்டினார்கள். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662-ல் வர்ஜீனியா விதித்தது. 1676-ல் நத்தானியல் பேக்கன் தலைமையில் நடந்த கலகத்தில், ஒப்பந்தம் முடிந்தும் நிலம் கிடைக்காத வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஜேம்ஸ்டவுனையே எரித்தார்கள். பண்ணைக்காரர்களுக்கு இது சரியான அச்சம். அதே காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தத்துக்கு வருகிறவர்களும் குறைந்தார்கள். 1705-ல் தொகுத்த அடிமைச் சட்டத்தோடு வெள்ளை ஏழையும் கறுப்பு உழைப்பாளியும் வெவ்வேறு சாதி என்றாகிவிட்டது.

வடக்கே விஷயம் வேறு. 1630-ல் மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்த பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கல் நிறைந்த மண், குறுகிய கோடை. புகையிலைப் பண்ணைக்கு வழியில்லை. ஆகவே மீன், மரம், கப்பல் கட்டுதல், அப்புறம் வணிகம். பைபிள் படிக்கத் தெரியாதவனைச் சாத்தான் ஏமாற்றுவான் என்று சொல்லி, 50 குடும்பம் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை வைத்தே தீர வேண்டும் என்று 1647-ல் சட்டம் போட்டார்கள். நோக்கம் மதம், பலன் பின்னால் பட்டறைகளிலும் மில்களிலும் தெரிந்தது. (கனெக்டிகட்டில் ஒரு கல்லூரி பணமில்லாமல் தத்தளித்தபோது, 1718-ல் ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பியவர் எலிஹு யேல். சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்து, சொந்த வியாபாரம் செய்ததாகக் குற்றம் சுமந்து பதவி இழந்தவர். யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரில்தான்.) இவற்றுக்கு நடுவே டச்சுக்காரர்களிடமிருந்து 1664-ல் பிடுங்கிய நியூயார்க், 1681-ல் வில்லியம் பென் பெற்ற பென்சில்வேனியா போன்ற கோதுமைக் குடியேற்றங்கள்.

சுதந்திரப் போர் எல்லாருக்கும் தெரிந்த கதை, வேகமாகக் கடக்கிறேன். வரி ஒரு காரணம். ஆனால் நிலமும் தொழிலும் சம அளவு காரணம். 1750-ல் இரும்புச் சட்டம் போட்டுக் குடியேற்றங்களில் புதிய எஃகு உலை வைக்கக் கூடாது என்றது லண்டன். 1763-ல் அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று அரச ஆணை வந்தது. அந்த மேற்கு நிலத்தில் ஊகப் பணம் போட்டிருந்தவர்களில் ஜார்ஜ் வாஷிங்டனும் ஒருவர். 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டிய 342 பெட்டித் தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையதுதான், ஆனால் சீனத் தேயிலை. அசாமில் அப்போது தோட்டமே கிடையாது. 1778-ல் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்ததும் போர் உலகம் முழுக்கப் பரவியது. அதன் கடைசிச் சண்டைகளில் ஒன்று 1783 ஜூனில் நம் கடலூரில் நடந்தது. ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி கப்பலில் வந்து சேரும்வரை பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அங்கே மோதிக்கொண்டிருந்தார்கள். 1781-ல் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபுதான் பின்னர் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து, திப்பு சுல்தானை வென்று, 1792-ல் திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவர்.

விடுதலைக்குப் பின் வந்த சட்டங்கள்தாம் பொருளாதாரத்துக்கு முக்கியம். 1785 நில ஆணைப்படி மேற்கு நிலம் முழுவதையும் ஆறு மைல் சதுரமாகக் கட்டம் போட்டு அளந்து விற்றார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் 640 ஏக்கர் கொண்ட 36 மனைகள், அதில் ஒன்று பள்ளிக்கூடத்துக்கு. 1787 அரசியலமைப்பு மாநிலங்களுக்கிடையே சுங்கம் கிடையாது என்றது. கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை தரும் அதிகாரத்தை அரசியலமைப்பிலேயே எழுதியது. இவ்வளவு பெரிய ஒற்றைச் சந்தை அன்றைய ஐரோப்பாவில் கிடையாது. அதே ஆவணம், பிரதிநிதி எண்ணிக்கைக்கு அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கில் சேர்த்தது. 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடுக்க முடியாது என்றும் வாக்குக் கொடுத்தது.

தொழிற்சாலை வந்தது திருட்டில். பிரிட்டன் நூற்பு இயந்திரத்தின் வரைபடமோ அதை இயக்கத் தெரிந்த தொழிலாளியோ வெளியே போகாமல் காவல் வைத்திருந்தது. சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர் இயந்திர அமைப்பைத் தலைக்குள் ஏற்றிக்கொண்டு 1789-ல் கப்பலேறிவிட்டார். அடுத்த வருஷம் ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் ஆற்றுநீர் விசையில் நூற்பு தொடங்கியது. முதல் தொழிலாளிகள் குழந்தைகள். பெரியவர்கள் கையில் நிலம் இருந்தது, மில்லுக்கு யார் வருவார்கள்? அடுத்தவர் ஃபிரான்சிஸ் கபட் லோவெல். லங்காஷயர் விசைத்தறிகளைச் சுற்றிப் பார்த்து மனதில் பதித்து வந்தவர், 1814-ல் வால்தம் என்ற ஊரில் பஞ்சு உள்ளே போய்த் துணி வெளியே வரும் மில்லை ஓட்டினார். அவர் இறந்தபின் அவர் பெயரில் எழுந்த மில் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்தது குடியானவர் வீட்டுப் பெண்கள். கூலியை வெட்டியதும் 1834-லும், விடுதிக் கட்டணத்தை ஏற்றியதும் 1836-லும் அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஊர்வலம் போனார்கள்.

இங்கே நமக்கு நேரடியாக வலிக்கும் ஒரு விவரம் உண்டு. அந்தக் காலத்தில் அமெரிக்கச் சந்தையில் மலிவான முரட்டுத் துணி இந்தியாவிலிருந்துதான் போனது. லோவெல் வாஷிங்டனுக்கே போய் ஆதரவு திரட்டிய 1816 சுங்கச் சட்டம், சதுர கஜம் 25 சென்டுக்குக் குறைந்த பருத்தித் துணி எதுவாக இருந்தாலும் 25 சென்ட் என்றே மதிப்பிட்டு 25 சதவீதம் வரி போட்டது. உயர்ரகத் துணிக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. அடிமட்ட விலைத் துணிக்கு வரி, சரக்கின் விலையையே தொட்டது. இந்திய முரட்டுத் துணி அங்கே விலை போகாமல் போயிற்று. சுதந்திரச் சந்தை பற்றி அமெரிக்கர்கள் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்தச் சட்டம் நினைவுக்கு வரும்.

அந்த மில்களுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது? 1793-ல் எலி விட்னி, குட்டை இழைப் பருத்தியில் கொட்டை நீக்கும் ஜின்னிங் இயந்திரத்தைச் செய்தார். அதுவரை கையால் ஒரு ராத்தல் பஞ்சு பிரிக்க ஒரு நாள் பாடு. இயந்திரம் வந்தால் உழைப்பு குறைய வேண்டும் அல்லவா? நடந்தது தலைகீழ். கொட்டை நீக்குவது எளிதானதும், பருத்தி எடுக்கும் கைகளுக்குத் தேவை பல மடங்கானது. வர்ஜீனியாவிலிருந்தும் மேரிலாண்டிலிருந்தும் சுமார் பத்து லட்சம் அடிமைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு அலபாமா, மிசிசிப்பி, லூசியானாப் பக்கம் கொண்டுபோகப்பட்டார்கள். 1790-ல் ஏழு லட்சமாக இருந்த அடிமைகள் 1860-ல் ஏறக்குறைய 40 லட்சம். நாட்டு ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பஞ்சு. "வடக்கு சுதந்திரம், தெற்கு அடிமை" என்று கோடு கிழிப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. தெற்கின் பஞ்சில்தான் வடக்கின் மில் ஓடியது. நியூயார்க் வணிகர்கள்தாம் அதற்குக் கடனும் கப்பலும் காப்பீடும் கொடுத்தார்கள்.

அந்தப் பருத்தி நிலத்துக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். செரோக்கி என்ற பூர்வகுடி மக்கள் "நாகரிகம் அடைந்தால் விட்டுவிடுவார்கள்" என்ற வாக்கை நம்பி எல்லாம் செய்து பார்த்தவர்கள். செக்வோயா என்ற தனி மனிதர் அவர்கள் மொழிக்கு எழுத்து அமைத்தார். 1827-ல் அரசியலமைப்பு எழுதினார்கள், 1828-ல் சொந்த எழுத்தில் பத்திரிகை அச்சிட்டார்கள். அதே சமயத்தில் ஜார்ஜியாவில் அவர்கள் மண்ணில் தங்கம் தென்பட்டது. 1830-ல் ஆண்ட்ரூ ஜாக்சன் வெளியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1832-ல் உச்ச நீதிமன்றம் செரோக்கிகளுக்குச் சாதகமாகச் சொன்ன தீர்ப்பை ஜார்ஜியா மதிக்கவே இல்லை. 1838-39-ல் சுமார் 16,000 பேரைப் படை வைத்து மேற்கே நடத்திப் போனார்கள். ஏறக்குறைய 4,000 பேர் இறந்ததாகக் கணக்கு.

பாதைகளும் விரைவாக வந்தன. 1825-ல் திறந்த 363 மைல் ஈரி கால்வாய், ஏரிப் பகுதிக் கோதுமையை நியூயார்க் துறைமுகத்தோடு இணைத்தது. கால்வாயின் மேற்கு முனையான பஃபலோ நகரத்திலிருந்து டன்னுக்கு 100 டாலர் ஆன சரக்குக் கூலி பத்து டாலருக்கும் கீழே இறங்கியது. அப்புறம் ரயில்: 1860-ல் 30,000 மைல். கூலி அதிகம், ஆகவே இயந்திரம் வாங்கினால் லாபம் என்ற கணக்கு எங்கும் வேலை செய்தது. சைரஸ் மெக்கார்மிக்கின் கதிர் அறுக்கும் இயந்திரம் 1847-லிருந்து சிகாகோவில் தயாரானது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் எந்தத் துப்பாக்கியின் உறுப்பும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தும்படி கடைந்தார்கள். அந்தக் கைப்பழக்கம் பிறகு தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் போனது. உயர்ந்த கூலிதான் இயந்திரமயத்துக்குக் காரணமா என்று பொருளாதார வரலாற்றாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஒரே காரணம் என்று நானும் சொல்லவில்லை. அது இல்லாமல் இந்தக் கதை புரியாது என்பேன்.

1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். இறந்தவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். தெற்குத் துறைமுகங்கள் முற்றுகையில் அடைபட்டதும் லங்காஷயர் மில்கள் பஞ்சுக்காகத் தவித்தன; பம்பாயிலும் திருநெல்வேலிச் சீமையிலும் பருத்தி விலை எகிறியது, போர் முடிந்ததும் சரிந்தது. ஆனால் தொழில் வரலாற்றில் அந்தப் போர்க் காலத்தின் முக்கிய ஆண்டு 1862. தெற்கு உறுப்பினர்கள் வெளியேறிவிட்ட நாடாளுமன்றத்தில், அதுவரை அவர்கள் தடுத்து வைத்திருந்தவை சில மாதங்களில் நிறைவேறின. ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் இலவசம், விவசாய, பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு நிலம், பசிபிக் கரைவரை ரயில் பாதை. அந்தப் பாதையின் மேற்குப் பாதியைச் சியரா நெவாடா மலையைக் குடைந்து போட்டவர்கள் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளிகள். 1869 மே 10 அன்று யூட்டாவில் இரு பாதைகளும் இணைந்தன. 1882-ல் சீனத் தொழிலாளிகள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டம் போட்டார்கள்.

போரின் முடிவில் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பின மக்களுக்கு அந்த 160 ஏக்கர் பெரும்பாலும் கைக்கு வரவில்லை. பழைய எஜமானின் நிலத்தையே, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுதார்கள். விதை, ஏர், சாப்பாடு எல்லாம் கடன், அறுவடைக்குப் பின்னும் கணக்குத் தீராது. சில்லறைக் குற்றத்துக்குப் பிடிபட்டவர்களைச் சுரங்க முதலாளிகளுக்கு வாடகைக்கு விட்டன தெற்கு மாநிலங்கள். அலபாமாவின் பர்மிங்காம் நகரத்து இரும்பு உலைகளுக்குப் போன நிலக்கரியில் கணிசமானது கைதிகள் வெட்டியது.

1870-க்குப் பின் வந்த வேகம்தான் பாடப்புத்தகங்கள் தொழில் யுகம் என்று சொல்வது. அதற்கு முன்பே, 1859-ல், பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எண்ணெய்க் கிணறு. 1870-ல் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில், பத்து வருஷத்தில் நாட்டின் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதம் அதன் கையில். 1875-ல் பிட்ஸ்பர்க் அருகே கார்னகியின் எஃகு ஆலை. சுப்பீரியர் ஏரிப் பக்கத்துத் தாது கப்பலில் வந்தது, நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கோக் என்ற எரிபொருள் பென்சில்வேனியாவிலிருந்து ரயிலில் வந்தது, உள்ளே ஆட்கள் 12 மணி நேர ஷிஃப்ட் வேலை செய்தார்கள். 1892-ல் ஹோம்ஸ்டெட் ஆலையில் தொழிற்சங்கத்தை உடைக்கப் பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் 300 அடியாட்களை இறக்கியபோது நடந்த சண்டையில் இரு தரப்பிலுமாகப் பத்துப் பேராவது இறந்தார்கள். சங்கம் உடைந்தது. 1901-ல் கார்னகி தன் கம்பெனியை 48 கோடி டாலருக்கு வங்கி முதலாளி ஜே. பி. மார்கனிடம் விற்றார். முதல் உலகப் போருக்கு முன் உலக ஆலை உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது.

அப்போதாவது ஆள் பஞ்சம் தீர்ந்ததா? 1892-லிருந்து நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவு வழியாக இத்தாலியரும் போலந்துக்காரரும் யூதர்களும் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்தார்கள். அப்படியும் 1913-ல் டெட்ராய்ட் பக்கத்து ஹைலண்ட் பார்க் ஆலையில் ஓடும் பட்டையில் கார் பூட்டத் தொடங்கிய ஹென்றி ஃபோர்டு, 14,000 பேரை வேலையில் நிறுத்தி வைக்க அந்த ஒரே வருஷத்தில் 52,000 பேரை எடுக்க வேண்டியிருந்தது. ஒரே திருகாணியை நாள் முழுக்க முறுக்கும் வேலையில் ஒருவரும் நிலைக்கவில்லை. அடுத்த ஜனவரியில் அவர் அறிவித்த ஐந்து டாலர் தினக்கூலியைத் தருமம் என்று எழுதுகிறவர்கள் இந்த எண்ணிக்கையைக் கணக்கில் எடுப்பதில்லை.

1914-ல் ஐரோப்பாவில் போர் மூண்டதும் கப்பல்கள் வருவது குறைந்தது. வடக்கு ஆலைகளின் தரகர்கள் ஆள்பிடிக்கத் தெற்கே பருத்திக் காட்டுக்குப் போனார்கள்; கறுப்பினக் குடும்பங்கள் ரயிலேறத் தொடங்கின. வாரத்துக்கு உழ ஆள் இல்லாமல் போய்விடும் என்று பயந்த ஜார்ஜியாவின் மேகன் நகரம், வெளியூருக்கு ஆள் எடுக்க வரும் தரகர் ஒவ்வொருவரும் 25,000 டாலர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்று விதி போட்டது. குடும்பங்கள் தரகருக்காகக் காத்திருக்காமல், தாங்களே டிக்கெட் வாங்கிக்கொண்டு சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போய்ச் சேர்ந்தன.